ஒரு குரலுக்கு ஒரு பாட்டா?

நுழையும் முன்

ஒரு பாடகரின் பெயரைக் கேட்டவுடன் ஒருவருக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வருகிறது. அருகில் இருப்பவருக்கு வேறொரு பாட்டு நினைவுக்கு வருகிறது. இரண்டில் எது அப்பாடகரை உண்மையாக அடையாளம் காட்டும் பாட்டு என்ற வாதம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உறவினர் கூடும் வீட்டிலும் தொடர்வண்டிப் பயணத்திலும் இவ்வாதம் நடப்பதுண்டு. பெரும்பாலும் அது முடிவு காணாமலே நின்றுவிடும். அதற்குச் சுவை வேறுபாடு மட்டும்தான் காரணமா? எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாடல்களைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

மதுரையில் பிறந்த குரல்

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையில் பிறந்தார். அன்னை சண்முகவடிவு வீணைக் கலைஞர்; பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அவர் பெயரின் முன்னெழுத்துகளில் 'எம்' என்பது மதுரையையும் 'எஸ்' என்பது சண்முகவடிவையும் குறிக்கும். கோயிலையும் கலையையும் சார்ந்து வாழ்ந்த இசைக் குடும்பங்களில் தாயின் பெயரே முன்னெழுத்தாக வருவது வழக்கம். உலகம் முழுவதும் அறிந்த பெயராக அது வளர்ந்த பின்னரும் ஊரும் தாயும் அப்பெயரில் நிலைத்திருந்தனர்.

கருநாடக இசை மேடை ஆண்களின் ஆளுகையில் இருந்த காலத்தில் அவர் பாடத் தொடங்கினார். முசிறி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகியோரிடம் இசை கற்றார். இந்துஸ்தானி இசையைச் சித்தேசுவரி தேவியிடம் பயின்றார். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமற்கிருதம், இந்தி, வங்காளம், குசராத்தி, மராத்தி எனப் பல மொழிகளில் பாடினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாடிய அவர், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இத்தனை நீண்ட இசை வாழ்வை ஒரே பாட்டால் குறிக்க இயலுமா? இயலும் என்போர் ஐந்து கட்சிகளாகப் பிரிந்து நிற்பர். ஒவ்வொரு கட்சியின் வாதத்தையும் அதற்குரிய மறுப்பையும் காண்போம்.

முதல் கட்சி: திரைப்பாட்டு

1945ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்த் திரைப்படம் 'மீரா'. எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார். கல்கி எழுதி, எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்த 'காற்றினிலே வரும் கீதம்' என்னும் பாடலை எம்.எஸ். அதில் பாடினார். 1947இல் இப்படம் இந்தியிலும் வெளிவந்து வடநாட்டினருக்கு அவரை அறிமுகம் செய்தது.

இப்பாட்டே எம்.எஸ். என்போர் கூறும் காரணம் வலுவானது. கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவரும் இராகத்தின் பெயர் அறியாதவரும் திரையரங்கிலும் வானொலியிலும் இக்குரலைக் கேட்டனர். ஒரு தலைமுறைக்கு எம்.எஸ். என்றால் மீரா, மீரா என்றால் எம்.எஸ்.

இதற்கு மறுப்பும் உண்டு. 'மீரா'வுக்குப் பின் அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. அதற்குப் பின் அரை நூற்றாண்டு பாடியவரை, அவர் விட்டு விலகிய துறையின் பாட்டைக் கொண்டு அடையாளம் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாம் கட்சி: காந்தியடிகள் கேட்ட பாட்டு

'ஹரி தும ஹரோ' என்பது மீராவின் பஜனைப் பாடல்களுள் ஒன்று. 1947ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளையொட்டி இப்பாடலை எம்.எஸ். குரலில் கேட்கக் காந்தியடிகள் விரும்பினார். அப்பாடல் தமக்குப் பழக்கமில்லை என்பதால் வேறொருவர் பாடலாம் என்று எம்.எஸ். தெரிவித்ததாகவும், அவர் அதைப் பேசினாலே போதும் என்று மறுமொழி வந்ததாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சென்னையில் பாடல் பதிவு செய்யப்பட்டுத் தில்லிக்கு அனுப்பப்பட்டது. சில திங்கள்களுக்குள், 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்துயரச் செய்தியைத் தொடர்ந்து வானொலியில் ஒலித்தது இந்தப் பதிவே.

நாட்டின் துயரத்தோடு கலந்துவிட்ட பாட்டு வேறு எதுவாக இருக்க முடியும் என்று இக்கட்சியினர் கேட்பர். ஒரு குரலின்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை என்பது அவர்கள் வாதம்.

மறுப்போர் கூறுவது இது: அப்பாட்டின் பெருமையில் பாதி கேட்டவரின் பெருமை, மீதியில் ஒரு பகுதி வரலாற்றின் பெருமை. பாடகரின் கலை அதில் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

மூன்றாம் கட்சி: விடியற்காலைக் குரல்

1963ஆம் ஆண்டு 'வேங்கடேச சுப்ரபாதம்' எம்.எஸ். குரலில் இசைத்தட்டாக வெளிவந்தது. அவருடைய மகள் இராதா விசுவநாதனின் குரலும் அதில் இணைந்துள்ளது. பல நூற்றாண்டுகளாகத் திருமலையில் ஓதப்பட்டு வந்த இத்துதி, அப்பதிவின் வழியே இல்லங்களுக்குள் வந்தது. விடியற்காலையில் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் இதனைக் கேட்டு வளர்ந்தவர் பலர். இசையில் நாட்டம் இல்லாதவர்கூட இக்குரலை அறிவர்.

எத்தனை பேர் கேட்டனர் என்பதே அளவுகோலானால் இக்கட்சியை வெல்வது அரிது. மேலும், சமற்கிருதச் சொற்களைச் சிதைக்காமல் ஒலிப்பதில் எம்.எஸ். காட்டிய அக்கறை இதில் தெளிவாகப் புலப்படுகிறது.

ஆனால் இது வரையறுக்கப்பட்ட ஓதுமுறையில் அமைந்தது. இராகத்தை விரிக்கவோ கற்பனைச் சுரம் பாடவோ இதில் இடமில்லை. ஒரு பெரும் பாடகியின் கற்பனை வெளிப்பட வழியில்லாத ஒன்றை அவருடைய அடையாளம் எனலாமா என்று மறுப்போர் கேட்பர்.

நான்காம் கட்சி: குறையில்லா மனத்தின் பாட்டு

'குறையொன்றும் இல்லை' என்னும் பாடலை இயற்றியவர் இராஜாஜி. இசையமைத்தவர் கடையநல்லூர் வெங்கட்ராமன். சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி ஆகிய மூன்று இராகங்களில் இப்பாடல் அமைந்துள்ளது. கண்ணுக்குப் புலப்படாத இறைவனிடம் தனக்கு மனக்குறை ஏதும் இல்லை என்று கூறும் ஒருவரின் உள்ளத்தை இது காட்டுகிறது.

எளிய தமிழ், உருக்கமான இசை, அடக்கமான பாடுமுறை ஆகிய மூன்றும் எம்.எஸ். என்னும் மனிதரின் இயல்பையே ஒத்திருக்கின்றன என்பது இக்கட்சியின் வாதம். தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் தமிழர் இல்லங்களிலும் இப்பாடல் ஒலிக்கிறது.

மறுப்போரோ, பாட்டின் பணிவையும் பாடியவரின் பணிவையும் ஒன்றாகக் கருதுவது தவறு என்பர். பாடகர் எல்லாப் பாட்டுகளுக்கும் குரல் கொடுப்பவர். ஒரு பாட்டில் பேசும் உள்ளம் இராஜாஜி படைத்த உள்ளம், அதனை எம்.எஸ். உள்ளம் என்று கொள்வதற்குச் சான்று வேண்டும்.

ஐந்தாம் கட்சி: பெயரில்லாத பாட்டு

இறுதியாக எழுவோர் கச்சேரிகளில் அமர்ந்து கேட்டவர்கள். அவர்கள் எந்தப் பாட்டின் பெயரையும் கூறுவதில்லை. சங்கராபரணத்தையோ காம்போதியையோ தோடியையோ எம்.எஸ். விரித்துப் பாடிய இராக ஆலாபனையே அவர் என்பர். ஆலாபனையில் சொல் இல்லை, தாளம் இல்லை, முன்னரே இயற்றி வைத்த மெட்டும் இல்லை. இராகத்தின் இலக்கணம் மட்டுமே உண்டு. அதற்குள் எங்கே தொடங்குவது, எந்தச் சுரத்தில் நிற்பது, எப்போது மேலே செல்வது என்பவற்றை அந்தக் கணத்தில் பாடகரே முடிவு செய்கிறார்.

இவ்வாதத்தை மறுப்போர் கேட்பது ஒரே கேள்விதான். பெயர் சொல்ல இயலாத, ஒருமுறை பாடியது போல் மறுமுறை அமையாத ஒன்றை 'பாட்டு' என்று எவ்வாறு முன்வைப்பது? கச்சேரிக்கு வராத கோடிக்கணக்கானோருக்கு அது என்ன அடையாளம் தரும்?

வழக்கின் முடிச்சு

ஐந்து கட்சிகளின் வாதங்களையும் மீண்டும் ஒருமுறை நோக்கினால் ஒன்று விளங்கும். அவர்கள் ஒரே கேள்விக்கு ஐந்து விடைகளைக் கூறவில்லை; ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றனர். எந்தப் பாட்டு அவரை நாடறியச் செய்தது என்ற கேள்விக்கு முதல் கட்சி விடை கூறுகிறது. எந்தப் பாட்டு வரலாற்றில் இடம் பெற்றது என்பது இரண்டாம் கட்சியின் கேள்வி. எதனை மிகப் பலர் கேட்டனர் என்பது மூன்றாம் கட்சியின் கேள்வி. எது அவருடைய பண்பை நினைவூட்டுகிறது என்று நான்காம் கட்சி பார்க்கிறது. எதில் அவருடைய கலை முழுமையாக வெளிப்பட்டது என்று ஐந்தாம் கட்சி பார்க்கிறது.

'அடையாளம் காட்டும் பாட்டு' என்ற ஒரே தொடரை ஐவரும் பயன்படுத்துகின்றனர். அத்தொடருக்கு ஒவ்வொருவரும் கொண்ட பொருள் வேறு. துணியை ஒருவர் முழத்தாலும் மற்றவர் எடையாலும் அளந்துவிட்டு, யார் கூறிய அளவு சரி என்று சண்டையிட்டால் அச்சண்டை ஓயாது. ஆகவே வாதத்தில் இறங்குவோர் முதலில் தம் அளவுகோலைக் கூற வேண்டும். அளவுகோலை ஏற்றுக்கொண்ட பின்னரே பாட்டைப் பற்றிப் பேச இயலும்.

நீக்கிப் பார்த்தல்

எந்த அளவுகோல் பொருத்தமானது? பாடகர் ஒருவரை அடையாளம் காட்ட வேண்டுமானால், அவரால் மட்டுமே அமைந்தது எது என்று பார்ப்பது முறையாகும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பாட்டிலிருந்து பாடகரை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது எவ்வளவு?

சுப்ரபாதத்திலிருந்து எம்.எஸ். குரலை நீக்கினாலும் அத்துதி திருமலையில் ஒலிக்கும். அவர் பிறப்பதற்கு முன்னும் ஒலித்தது. 'குறையொன்றும் இல்லை' பாடலை இன்று பலர் பாடுகின்றனர். இராஜாஜியின் சொல்லும் அதன் இசையும் அவர்களிடமும் வாழ்கின்றன. மீராவின் பஜனையும் கல்கியின் திரைப்பாட்டும் அவ்வாறே. இவற்றுள் எதனையும் எம்.எஸ். இயற்றவில்லை. பிறர் தந்தவற்றை அவர் பாடினார். எவரும் பாடாத அளவுக்கு அழகாகப் பாடினார் என்பதே அங்கு அவருடைய பங்கு.

ஆலாபனையிலிருந்து பாடகரை நீக்கினால் எஞ்சுவது இராகத்தின் இலக்கணம் மட்டுமே. அந்த மாலையில் அந்த மேடையில் எழுந்த இசை முழுவதும் அவருடையது. ஆகவே இச்சோதனையில் ஐந்தாம் கட்சியின் வாதமே மேலோங்குகிறது.

இம்முடிவு வெறும் வாதத் திறமை அன்று. 'எம்.எஸ். என்றால் பக்திப் பாட்டு' என்று மட்டும் அறிந்தவருக்கு அவருடைய இசைப் புலமை மறைந்துபோகிறது. சென்னை மியூசிக் அகாதெமி 1968ஆம் ஆண்டு அவருக்குச் 'சங்கீத கலாநிதி' விருது வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. கச்சேரி இசையின் உயர்ந்த சிறப்பாகக் கருதப்படும் அவ்விருது ஏன் அவருக்கு வந்தது என்பதை, காலையில் கேட்கும் துதி மட்டும் விளக்கிவிடாது. புகழ்பெற்ற பாட்டு ஒன்று, பாடியவரை உலகுக்குக் காட்டுவதும் உண்டு. அவருடைய மற்றப் பெருமைகளைத் திரையிட்டு மறைப்பதும் உண்டு. பெண் கலைஞர்களின் பணிவையும் பக்தியையும் போற்றும் சமூகம், அவர்களுடைய அறிவையும் உழைப்பையும் பேச மறந்துவிடும்போது அத்திரை மேலும் கனமாகிறது. மகா வைத்தியநாதையர் அமைத்த 72 மேளகர்த்தா இராகமாலிகையை அவர் கற்றுப் பதிவு செய்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனினும் மற்ற நால்வரின் விடைகளும் தள்ளத்தக்கவை அல்ல. துதிகளையும் பஜனைகளையும் எம்.எஸ். தாழ்வாகக் கருதியவர் அல்லர். 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது, உலக நட்பை வேண்டி இயற்றப்பட்ட 'மைத்ரீம் பஜத' என்னும் சமற்கிருதப் பாடலை அவர் பாடினார். இராகம் அறிந்தவருக்காகவும் அறியாதவருக்காகவும் பாடுவது என்பது அவரே தேர்ந்த வழி. 1998ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது. இசைக்கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதில் அவர் வாழ்வின் இரு பகுதிகளுக்கும் பங்கு உண்டு.

ஆகவே, 'எந்தப் பாட்டு எம்.எஸ்.?' என்று கேட்பவரிடம் 'எதனை அறிய விரும்புகிறீர்கள்?' என்று திரும்பக் கேட்பதே தக்க தொடக்கம். அவர் மக்களுக்கு எதைக் கொடுத்தார் என்று அறிய விரும்பினால் சுப்ரபாதத்தைக் கேட்கலாம். அவர் யார் என்று அறிய விரும்பினால், ஒரு முழுக் கச்சேரிப் பதிவை எடுத்து, பாட்டுத் தொடங்குவதற்கு முன் வரும் ஆலாபனையைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

அளவுகோல் – மதிப்பிட உதவும் அடிப்படை
ஆலாபனை – சொல்லும் தாளமும் இன்றி இராகத்தை விரித்துப் பாடுதல்
கற்பனைச் சுரம் – இராகத்துக்குரிய சுரங்களைப் பாடகர் அவ்வப்போது கற்பனையாகக் கோத்துப் பாடுதல்
இராகமாலிகை – பல இராகங்கள் தொடர்ந்து வரும் பாடல்
மேளகர்த்தா – பிற இராகங்களுக்குத் தாயாக விளங்கும் இராகம்
கட்சி – (இங்கு) வாதத்தில் ஒரு பக்கம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எம்.எஸ். என்னும் முன்னெழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன?
2. 'மீரா' திரைப்படம் எம்.எஸ். வாழ்வில் ஏற்படுத்திய மாற்றம் யாது?
3. 'குறையொன்றும் இல்லை' பாடலை இயற்றியவர் யார்? அது எந்த இராகங்களில் அமைந்துள்ளது?
4. 1968ஆம் ஆண்டு எம்.எஸ். பெற்ற விருதின் சிறப்பு யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ஐந்து கட்சியினரும் ஒரே கேள்விக்கு விடை கூறவில்லை என்று பாடம் கூறுவது ஏன்?
2. 'நீக்கிப் பார்த்தல்' என்னும் சோதனையை விளக்குக. அச்சோதனையில் உள்ள குறை ஒன்றைச் சுட்டிக்காட்டுக.
3. புகழ்பெற்ற பாட்டு ஒன்று பாடியவரை மறைக்கவும் கூடும் என்னும் கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.

இ. பிரித்து எழுதுக.
முன்னெழுத்து, வானொலி, இசைத்தட்டு, குறையொன்றும்

ஈ. பொருத்தமான இணைப்புச் சொல்லை இட்டு நிரப்புக. (ஏனெனில், எனினும், ஆகவே)
1. சுப்ரபாதத்தை மிகப் பலர் கேட்டனர். ________ அதில் கற்பனைச் சுரத்துக்கு இடமில்லை.
2. ஆலாபனை முழுவதும் பாடகருடையது; ________ அதில் பிறர் இயற்றிய சொல் இல்லை.
3. இருவர் கொண்ட அளவுகோலும் வேறு. ________ அவர்கள் வாதம் முடியவில்லை.

உ. கற்பவை கற்றபின்
நும் வகுப்பில் பல மாநில மாணவர்கள் உள்ளனர். லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி, பூபேன் ஹசாரிகா அல்லது நும் இல்லத்தில் பெரிதும் விரும்பப்படும் பாடகர் ஒருவரைத் தேர்ந்துகொள்க. அவரை அடையாளம் காட்டும் பாட்டு எது என்று வீட்டுப் பெரியவர் இருவரிடம் கேட்டு, அவர்கள் கூறும் காரணங்களைக் குறித்து வருக. அக்காரணங்களுக்குப் பின்னால் உள்ள அளவுகோல் எது என்று கண்டறிந்து, வகுப்பில் இரண்டு நிமிடம் தமிழில் பேசுக. பேச்சின் முதல் தொடர் அளவுகோலைக் கூறுவதாக அமைய வேண்டும். பாட்டின் பெயர் அதன் பின்னரே வர வேண்டும்.